இடிமகளின் அலறல்

ஜெஸியக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் செத்துக்கொண்டிருந்தார். அனந்தபுரியில், வழுதக்காட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த டப்பிங் ஸ்டுடியோவில் அது எனக்கு முதல் நாள். திரையில் ஒரு படகு கவிழ்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே மைக்கைச் சுற்றி நின்ற ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர் கையை விரித்து, கண்ணை உருட்டி, தண்ணீர் குடித்து மூழ்கினார்கள். எல்லாரையும் விட அதிக நேரம் எடுத்து மூழ்கியவர் ஜெஸியக்கா. விளக்கு அணைந்ததும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "புட்டு வந்தாச்சா?" என்று கேட்டார்.

கூட்டக் குரல் கொடுப்பவர்களின் வழக்கம் அது. காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். முதலில் கத்தல். தீ, வெள்ளம், தடியடி, திருவிழா, எதுவானாலும் கத்தி முடித்தபிறகுதான் புட்டும் கடலையும் வரும். சாப்பிட்டால் மூச்சு ஏறாது என்பார்கள். முக்கியமான குரல்காரர்கள் காரில் வந்து இறங்குவதற்குள் இவர்கள் கைகழுவிப் போயிருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக ஜெஸியக்கா இப்படிப் போய்க்கொண்டிருந்தார். படத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் அவர் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை.

எனக்கு அங்கே வசனத் தாள்களோடு உட்கார்ந்து, பேசுகிறவர்களுக்கு வரியை எடுத்துக் கொடுக்கிற வேலை. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஜெஸியக்காதான் முதலில் பேசினார்.

"பிள்ளைக்கு எங்க?"

"வலியசாலை."

"அக்ரஹாரமா? அங்க உள்ளவிய பேசுதது வேற தமிழாக்கும். ஒங்க தமிழு குளிச்சு நெத்தியில குறியிட்டு வரும். எங்க தமிழு எந்திரிச்ச கோலத்துல அப்பிடியே வரும்."

"போங்கோக்கா" என்றேன்.

"பாத்தியா, வந்துட்டுது!" என்று சிரித்தார்.

அவர் பாறசாலைப் பக்கத்தில் பிறந்தவர். கல்யாணமாகி ஆரியசாலைக்குப் பின்னால் இருக்கிற காலனிக்கு வந்தார். கணவர் செல்வதாஸ் கட்டிடங்களுக்கு வெள்ளையடிப்பவர். ஒரு அடுக்குமாடியின் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அவர்களுடைய மகள் லிபிக்கு அப்போது ஒன்பது வயது. கணவரைப் பற்றி அதற்கு மேல் ஜெஸியக்கா எதுவும் சொன்னதில்லை. பேச்செல்லாம் லிபியைப் பற்றித்தான்.

லிபி சிறுமியாக இருந்தபோது தன் குரல் வருகிற படங்களுக்கு அவளைக் கூட்டிப்போவாராம். கூட்டம் கத்தும் இடம் வந்ததும் அவள் தொடையில் தட்டி, "கேளு, இதுல அம்மை உண்டு" என்பாராம்.

"எது அம்மை?"

"அந்தா, அந்தக் கெடந்து கத்தி வெளிக்கது."

"எல்லாரும்தான் கெடந்து வெளிக்காவ. எனிக்குக் கேக்கல்ல."

வளர்ந்து கல்லூரிக்குப் போனபிறகு லிபி தமிழே பேசுவதில்லை. வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் மகள் மலையாளத்தில் பதில் சொல்வாள். தோழிகளிடம் அம்மாவுக்கு ஸ்டுடியோ ஆபீஸில் வேலை என்று சொல்லியிருந்தாள். ஜெஸியக்காவுக்கு அதில் கோபமில்லை. "அவளைக் குத்தம் பறயப் பிடாது. எனக்க சத்தம் தனியா ஒரு தடவ அவளுக்குக் கேக்கணும் பிள்ளே. ஒரே ஒரு தடவ. நூறு பேருக்க எடையில கெடந்தா பெத்த பிள்ளைக்கும் தெரியாது" என்பார்.

அந்த ஒரு தடவை, 'இடிமகள்' என்ற படத்தில் வருவதாக இருந்தது.

நம் ஊரிலேயே எடுத்த சூப்பர் ஹீரோ படம் அது. இயக்குநர் அனிலுக்கு முப்பது வயதுதான் இருக்கும். வானத்திலிருந்து விழுந்தவனும் கோடீஸ்வரன் மகனும் உலகத்தைக் காப்பாற்றியது போதும், நம்முடைய ஆள் ஒரு காலனியில் பிறக்கட்டும் என்பார். படத்தின் நாயகி செம்பி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற கறுத்த பெண். காலனியை இடிக்க எந்திரம் வருகிறது. சுவர் சரிந்து அவள் தம்பி அடியில் மாட்டிக்கொள்கிறான். அவள் அலறுகிறாள். அந்த அலறலில் இடி அவளுக்குள் இறங்குகிறது. பிறகு அவள் பறக்கிறாள். அமைச்சர், கட்டிட முதலாளி என்று ஒவ்வொருவராகத் தூக்கி அடிக்கிறாள். அவளுக்குத் துணையாகச் சக்கர நாற்காலியில் ஒரு பையன், ஒரு திருநங்கை, தையல்காரரான ஒரு முஸ்லிம் கிழவர், வங்காளத்திலிருந்து வந்த ஒரு கூலி ஆள். வசனத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஜெஸியக்கா சொன்னார்: "கொள்ளாம். ரேஷன்கடை வரிசை மாதிரி எல்லாரும் உண்டு."

செம்பியாக நடித்தவர் மும்பைப் பெண், நல்ல சிவப்பு. தினமும் காலையில் அவருக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். "எங்கிட்டக் கேட்டிருந்தா சும்மா குடுத்திருப்பேனே, கறுப்பு" என்றார் ஜெஸியக்கா. சவுண்ட் என்ஜினியர் கிரீஷ் சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சிந்தினார்.

மும்பைப் பெண்ணுக்கு மொழி தெரியாததால், எடிட்டிங்கிற்காக ஒரு தற்காலிகக் குரல் வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் அழித்துவிடுகிற குரல். அதற்குத்தான் ஜெஸியக்காவைக் கூப்பிட்டார்கள். மைக்கைச் சரிபார்க்க எதையாவது சொல்லுங்கள் என்றார் கிரீஷ். ஜெஸியக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, காலனியை அளக்க வந்தவர்களிடம் எப்போதோ தான் சொன்னதையே சொன்னார்:

"இது எங்க வீடாக்கும். நாங்க எங்கயும் போவேல்ல. ஒங்களுக்குப் போவணும்னா நீங்க போங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலத்தான் சொன்னார். அனில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த வரி படத்தின் உச்சக்கட்டத்துக்குப் போயிற்று. செம்பியின் பேச்சு முழுவதும் அந்த ஓட்டத்துக்கு மாறியது. இறுதிக் குரலும் ஜெஸியக்காதான் என்று முடிவானது.

மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்தவர் கையில் ஒரு பொதி பழம்பொரி இருந்தது. "லிபி கூட்டுக்காரிகள்ட்ட பறஞ்சுட்டா பிள்ளே" என்றார். "எங்க அம்மையாக்கும் சூப்பர் ஹீரோக்க சத்தம்னு அவளே பறஞ்சிருக்கா. ஆபீஸ் வேலைன்னு பறயல்ல." அன்று எல்லாருக்கும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

இறுதிப் பதிவின் முதல் நாள் ஜெஸியக்கா வழக்கம்போல் வெறும் வயிற்றோடு வந்தார். கிரீஷ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மலையாளத்தில் சொன்னார்: "டயலாக் முதல்ல எடுத்துடலாம் சேச்சி. ஃபைட் கடைசி நாள் வைக்கலாம்."

"அதென்ன, கத்தலு ஆதியம் எடுங்க. சாப்பிட்டா பின்ன வராது."

"லீட் வாய்ஸுக்கு அப்படியில்ல. தொண்டை கெட்டா..."

"எனக்க தொண்ட கெடாது மோனே. பதினெட்டு வருசமாட்டு சாவுததாக்கும்."

முக்கியக் குரல் கொடுப்பவர்கள் கத்தலைக் கடைசிக்குத்தான் வைப்பார்கள். அடி வாங்குவது, விழுவது, மூச்சுத் திணறுவது எல்லாம் முடிந்தால் தொண்டை பல நாள் ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும். ஜெஸியக்காவுக்கும் அது தெரியும். ஆனால் அவருக்குக் கத்தலுக்கு மறுநாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. கத்தினால் வேலை முடிந்தது, புட்டு, பஸ், வீடு. அனிலுக்கும் பின்னணி இசைக்காரருக்குக் கொடுக்கச் சண்டைச் சத்தங்கள் அவசரமாக வேண்டியிருந்தன. கிரீஷ் விட்டுக்கொடுத்து, சண்டைக் காட்சியைத் திரையில் ஓடவிட்டார்.

காலை முழுவதும் ஜெஸியக்கா அடி வாங்கினார். கூட்டத்தில் ஒரு அலறல் மற்ற அலறல்களின் மேல் சாய்ந்துகொள்ளும். இங்கே சாய்ந்துகொள்ள யாரும் இல்லை. கடைசியாகத் தம்பி சுவரடியில் விழுகிற இடம் வந்தது. முதலில் அவர் கொடுத்ததைக் கேட்டு அனில் மறுத்துத் தலையாட்டினார். "இது கூட்டத்துக் கத்தல் சேச்சி. இது வேண்டாம். இவளுக்கு அவன் ஒருத்தன்தான்."

ஜெஸியக்கா வசனத் தாங்கியின் விளக்கை அணைக்கச் சொன்னார். சற்று நேரம் இருட்டில் நின்றார். பிறகு அது வந்தது. அலறலாக அது தொடங்கவில்லை. ஏதோ கேள்வி கேட்பது போலத் தொடங்கி, பதில் தெரிந்துவிட்டது போல மேலே ஏறி, நடுவில் அறுந்து, அறுந்த இடத்திலிருந்து மறுபடி ஏறியது. கிரீஷ் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அனில் மட்டும், "ஓகே. இதுதான்" என்றார்.

வெளியே வந்த ஜெஸியக்கா புட்டைக் கேட்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து சுடுதண்ணீர் குடித்தார்.

மறுநாள் அவருக்குக் குரல் இல்லை. செம்பியின் வசனங்கள் கரகரவென்று உடைந்தன. அடுத்த நாளும் அப்படித்தான். தொண்டை மருத்துவர், குரல்நாண் கிழிந்து ரத்தம் கட்டியிருக்கிறது, சில வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார். காத்திருக்கலாம் என்றார் அனில். ஆனால் அந்த இடைவெளியில் படத்தின் டீசரை வெளியிட்டார்கள். அதில் ஜெஸியக்காவின் அந்த ஒரு வரி, தற்காலிகக் குரலிலேயே இருந்தது.

இரண்டே நாளில் கைப்பேசிகளில் சண்டை பற்றிக்கொண்டது. அனந்தபுரிக்காரிக்கு எதற்குத் தமிழ் என்று ஒரு கூட்டம். பறக்கிற படத்தில் எதற்கு அரசியல் என்று ஒரு கூட்டம். வெளுத்த பெண்ணுக்குக் கரி பூசி ஏழைகளைக் காட்டுகிறாயா, காலனியில் பெண்ணே கிடைக்கவில்லையா என்று வேறொரு கூட்டம். கடைசிக் கூட்டம் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் எது நியாயம் என்று பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

தயாரிப்பாளர் மகாராஜா அண்ணாச்சி ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்பவர். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். வெள்ளைச் சட்டையில் மெல்லிய மிளகாய் நெடி இருந்தது.

"தம்பி அனிலு, இவ பறக்கணும், அவ்வளவுதான? பறக்க விடு. எந்த ஊரு, என்ன பாஷைன்னு எதுக்கு?"

"அண்ணாச்சி, அதாணு சினிமா" என்றார் அனில்.

"ஒனக்கு அது சினிமா. என்னய என்ன எழுதிருக்கான் தெரியுமா? 'பாண்டிக்காரன் முதலாளி, பாண்டிக்காரி ஹீரோயின்'ங்கான். தமிழன்னாலே இவங்களுக்குப் பாண்டிதான். எங்க தாத்தா காலத்துலேருந்து இந்த ஊருல மூட எறக்குதோம். எம் பிள்ளைங்க மலையாளத்துலதான் கனவே காணுதுவ. இன்னும் நாங்க வந்தவங்கதான். இதுல நானே காசு போட்டு, ஆமா வந்தவன்தான்னு போஸ்டர் ஒட்டணுமா?"

மூலையில் சுடுதண்ணீர்க் குப்பியோடு ஜெஸியக்கா உட்கார்ந்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். குரல் தணிந்தது.

"நீ தப்பா நெனைக்காத தாயி. நானும் வீட்டுல இதத்தான் பேசுதேன். வீட்டுல பேசலாம்."

ஜெஸியக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

அனில் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். செம்பியின் மேலங்கி செந்நிறமா கருநீலமா என்பதற்கு அவர் இதே அண்ணாச்சியோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கொச்சியிலிருந்து பெயர் தெரிந்த ஒரு நடிகையின் குரலை வைத்து, எந்த ஊரையும் சேராத சுத்தமான மலையாளத்தில் எல்லா வசனத்தையும் மாற்றுவதென்று ஆனது. அப்போது கிரீஷ் கேட்டார்: "ஃபைட் சத்தம்? மியூசிக் எல்லாம் அதுமேல பண்ணியாச்சு."

"அது கெடக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "கத்தலுக்கு என்ன பாஷ?"

அவர்கள் போனபிறகு கிரீஷ் தனக்குத்தானே சொல்வது போல, "டயலாக் முதல்ல லாக் ஆகியிருந்தா மாத்த நேரம் இருந்திருக்காது" என்றார். ஜெஸியக்கா என் தோளைத் தொட்டு, காற்றுக்குரலில் சொன்னார்: "எனக்க பிழையாக்கும். கூட்டத்துல நிக்கப்பட்ட புத்தி."

இல்லை, அப்படியானாலும் மாற்றித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. தன் பிழை என்று நினைப்பதில் அவருக்குக் கொஞ்சமாவது பிடிமானம் இருந்தது.

லிபியிடம் அவர் இதையெல்லாம் முழுதாகச் சொல்லவில்லை. "கொறச்சு மாத்தியிருக்காவ" என்று மட்டும் காற்றுக்குரலில் சொன்னார். அந்தக் கத்தல் இருக்கிறதே, அது தனிக்குரல்தானே, அதையாவது மகள் கேட்பாள் என்று எண்ணினார். என்னையும் படத்துக்குக் கூப்பிட்டார்.

முதல் வாரம், தம்பானூரில் பகல் காட்சி. லிபி தோழிகள் இருவரோடு வந்திருந்தாள். மெலிந்த பெண், அம்மாவின் கண்கள். என்னிடம் மலையாளத்தில் மரியாதையாகப் பேசினாள். செம்பி திரையில் வந்து வாயைத் திறந்ததும் கொச்சி நடிகையின் குரல் கேட்டது. தோழிகள் லிபியைப் பார்த்தார்கள். லிபி அம்மாவைப் பார்த்தாள். ஜெஸியக்கா அவள் தொடையில் மெதுவாகத் தட்டினார். பொறு, வரும் என்று.

எந்திரம் வந்தது. சுவர் சரிந்தது. தம்பியின் கை மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. கேள்வி கேட்பது போல அந்தக் குரல் தொடங்கியது.

அது ஏறி, அறுந்து, மறுபடி ஏறும்போது திரையில் வெள்ளை மின்னல் இறங்கியது. அரங்கம் எழுந்து நின்றது. அவளுக்குச் சக்தி வந்துவிட்டதல்லவா? விசில், கைதட்டல், முன்வரிசையில் காகிதத் துண்டுகள் பறந்தன. லிபி மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். பிறகு எழுந்து, கால்களில் இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஜெஸியக்கா எழுந்து அவளைக் கூப்பிட்டார். வாய் "லிபி" என்று அசைந்தது. விசில் இல்லாவிட்டாலும் அது கேட்டிருக்காது.

நாங்கள் போனபோது அவள் படிக்கட்டின் திருப்பத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்ததும் தமிழில் பேசினாள். அவள் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன். அப்படியே ஜெஸியக்காவின் தமிழ்.

"அப்பாவக் கொண்டுவந்து எறக்குனப்போ நீ கத்துனதாக்கும் அது. நான் ஒனக்க பக்கத்துல நின்னேன். அதயும் குடுத்தியா அம்மா? அதுக்கு அவிய விசிலடிக்காவ."

ஜெஸியக்கா கையை நீட்டினார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எதற்கு எது பதில் என்று எனக்கே புரியவில்லை. லிபி கீழே இறங்கிப் போய்விட்டாள். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

படம் நன்றாக ஓடியது. எல்லா வகை மனிதர்களும் உள்ள படம் என்று பாராட்டினார்கள். அனிலுக்கு ஒரு பெரிய மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். குரலற்றவர்களின் குரல் என்று அவர் பேசினார். அதை நான் கைப்பேசியில் பார்த்தேன், பாதியில் மூடிவிட்டேன். அந்த அலறலைத் தனியாக வெட்டியெடுத்து இளைஞர்கள் ரீல்ஸ் செய்கிறார்கள். பரீட்சையில் தோற்றால் அது, பைக் கிளம்பாவிட்டால் அது, பாயசத்தில் சர்க்கரை குறைந்தால் அது. பஸ்ஸில் யாராவது ஒருவர் கைப்பேசியில் அது கேட்காத நாளில்லை.

லிபி இப்போது ஒரு ஹாஸ்டலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், துணிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஜெஸியக்காவின் குரல் திரும்பவில்லை. ஆபரேஷன் செய்தால் பேச்சு வரலாம், ஆனால் கத்த முடியாது என்றார் மருத்துவர். சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் பாத்திரங்களைத் துடைத்து அடுக்குகிறார். அங்கே பேச வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் ஸ்டுடியோ வாசலில் அவர் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. என் காதருகே வந்து சொன்னார்: "பிள்ளே, படத்துலேர்ந்து அத ஒண்ணு எடுத்துக் களைய ஒக்குமா? பேரு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அத மட்டும்."

"படம் வெளிய வந்தாச்சே அக்கா" என்றேன். "இனி எப்படி..."

"சும்மா எடுக்கச் சொல்லேல்ல. பதிலுக்கு வேற ஒண்ணு தாறேன். கூட்டத்துல கத்துததுண்டுமே, அது மாதிரி. அத வச்சுட்டு இத எடுக்கட்டு. கிரீஷ்ட்ட நீ பறஞ்சா கேப்பான்."

நான் பதில் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பையைத் தரையில் வைத்தார். வெறும் வயிற்றில்தான் வந்திருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. கண்ணை மூடி, கையை விரித்து, வாயை முழுதாகத் திறந்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. காற்று மட்டும் வந்தது. எங்களைக் கடந்து போன இரண்டு பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.